இரண்டு முழங்கால், மூன்று அறுவை சிகிச்சை, ஆட்டத்துக்கு 11.5 நிமிடம்: ஒரு கல்லூரிக் கூடைப்பந்து வீரரின் நிகழ்வு ஆய்வு

இதில் வரும் வீரருக்கு நான் சிகிச்சை அளித்ததில்லை, பயிற்சியும் கொடுத்ததில்லை. அணிகள் வெளியிட்ட அறிவிப்புகள், ஆட்டப் பதிவுகள், முழங்கால் காயங்களைப் பற்றி மருத்துவ உலகம் அறிந்தவை, இவற்றை வைத்தே எழுதுகிறேன். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து பார்ப்பவர்கள் சீக்கிரமே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், பரவாயில்லை. அவரைப் புகழவோ அவர்மேல் பரிதாபப்படவோ இதை எழுதவில்லை. 15 வயதிலிருந்து 20 வயது வரை அவருடைய முழங்கால்களைச் சுற்றி எடுக்கப்பட்ட முடிவுகளை வரிசையாகப் பார்த்தால் பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று தோன்றியது.

பின்னணி

1998இல் பிறந்தவர், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வின்ஸ்டன்-சேலம் ஊர்க்காரர். ஆறடி பத்து அங்குலம் வரை வளர்ந்தார். அந்த உயரத்தில் அவ்வளவு லேசாக ஓடித் தாவுகிற பையன்கள் அபூர்வம். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போது ஒருமுறை குதித்து, கிடைக்காவிட்டால் மற்றவர்கள் தரையிறங்குவதற்குள் இரண்டாவது முறையும் குதிப்பார். இந்த இரண்டாவது குதிதான் அவருடைய முதலீடு. பின்னால் வருகிற கதை முழுக்க அதைப் பற்றியது என்றே சொல்லலாம்.

அங்கே பள்ளி விளையாட்டு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை பள்ளி அணிக்கு ஆடுவார்கள். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை காலணி நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் கிளப் போட்டிகள். ஒரே வார இறுதியில் நான்கைந்து ஆட்டம் ஆடுவதெல்லாம் அங்கே சகஜம். கல்லூரிப் பயிற்சியாளர்கள் இந்தக் கோடை ஆட்டங்களை நேரில் வந்து பார்க்க விதிப்படி குறிப்பிட்ட சில நாட்கள்தான் உண்டு. அந்த நாட்களில் “முட்டி வலிக்கிறது, உட்கார்ந்துகொள்கிறேன்” என்று சொல்ல எந்தப் பையனுக்கும் மனம் வராது. இது போதாதென்று தனியார் தரவரிசைகள் வேறு. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நாட்டிலுள்ள பையன்களுக்கு எண் போட்டு வரிசைப்படுத்தி வெளியிடுவார்கள்.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் விதியும் ஒன்று இருக்கிறது. என்பிஏ அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். அமெரிக்க வீரர் ஒருவர் அதற்கு வர 19 வயது ஆக வேண்டும், அவருடைய வகுப்பு பள்ளி முடித்து ஓராண்டு கழிந்திருக்க வேண்டும். 2006 டிராஃப்டிலிருந்து இதுதான் நடைமுறை. அதனால் மேல்தட்டு வீரர்களுக்குக் கல்லூரி என்பது ஒரே ஒரு வருடம். நான்கு வருடம் நிதானமாக ஆடலாம் என்ற நினைப்பே யாருக்கும் கிடையாது. நம் வீரரும் இந்தக் கணக்குக்குள்தான் வளர்ந்தார்.

முதல் காயம்: ஜூன் 2013

16 வயதுக்கு உட்பட்டோருக்கான அமெரிக்கக் கண்டங்களின் போட்டி உருகுவே நாட்டில் நடந்தது. நாட்டுக்காக ஆடப்போன இடத்தில் அவருடைய இடது முழங்கால் போனது. அப்போது வயது 15.

நம் ஊரில் இதையெல்லாம் “ஜவ்வு கிழிந்துவிட்டது” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். அவருக்குக் கிழிந்தவை மூன்று. முழங்காலுக்கு நடுவே குறுக்காக ஓடி, கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் ஏசிஎல். உட்பக்கம் தாங்கிப் பிடிக்கும் எம்சிஎல். இரண்டு எலும்புகளுக்கும் இடையே மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸ். இவற்றில் எம்சிஎல் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். முழுதாக அறுந்த ஏசிஎல் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நம்பி யாரும் ஒரு வீரரைக் களத்துக்கு அனுப்புவதில்லை. உடம்பிலிருந்தே ஒரு நாரை எடுத்து, எலும்பில் துளையிட்டு, புதிதாக ஒன்று கட்டுவார்கள். மெனிஸ்கஸ்தான் நீண்டகாலத் தலைவலி. அது சேதமானால் அங்குள்ள குருத்தெலும்பு சீக்கிரம் தேயத் தொடங்கும். ஏசிஎல் சரியாகிவிட்டது என்று எல்லாரும் மறந்த பிறகும் அந்த மூட்டு வீங்கும், வலிக்கும்.

15 வயதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எலும்பின் நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டு பல பையன்களுக்கு அந்த வயதில் இன்னும் மூடியிருக்காது. அதன் ஊடே துளையிட்டால் கால் கோணலாகவோ நீளம் குறைந்தோ வளரக்கூடும் என்பதால், வளரும் பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை முறையையே மாற்ற வேண்டியிருக்கும்.

எடுத்த முடிவு: பத்தாம் வகுப்பின் பருவம் முழுவதும் ஆடவில்லை. இது சரியான முடிவு. கட்டிய புது நார் முதல் சில மாதங்களில் வலுவிழந்து, பிறகே மெல்ல மெல்ல உடம்பின் சொந்த நாராக மாறுகிறது. அந்த மாற்றம் முழுமை பெற ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். வலி போய்விட்டது, ஓட முடிகிறது என்பதெல்லாம் அந்த நார் தயார் என்பதற்கு அடையாளமில்லை. இவர்கள் அவசரப்படவில்லை.

நடுவில் ஒரு நல்ல காலம்

திரும்பி வந்தவர் பழைய ஆளாகவே வந்தார், பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றியது. பதினோராம் வகுப்பில் பள்ளி அணிக்கு முழுப் பருவம் ஆடினார். 2015 கோடையில் ஊர்க்காரரான ஒரு என்பிஏ நட்சத்திரத்தின் பெயரில் இயங்கிய கிளப் அணி. அதே கோடையில் கிரீட் தீவில் 19 வயதுக்கு உட்பட்டோர் உலகச் சாம்பியன்ஷிப், அதில் தங்கம். தரவரிசைகளில் முதலிடத்திலோ அதற்கு மிக அருகிலோ அவர் பெயர்.

இந்தக் கட்டத்தில் என் கண்ணுக்குப் படுவது காலண்டர்தான். ஒரு வருடத்துக்கு மேல் ஆடாமல் இருந்த உடம்பு. அதன்மேல் பள்ளிப் பருவம், கிளப் பருவம், தேசிய அணி, மறுபடி பள்ளிப் பருவம் என்று இடைவெளி விடாத அட்டவணை. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்களின் பொறுப்பு. பள்ளிப் பயிற்சியாளருக்கு அவருடைய மாதங்கள், கிளப்புக்கு அதன் மாதங்கள், தேசிய அணிக்கு அதன் வாரங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பது யார் வேலை? அந்த அமைப்பில் அப்படி ஒரு பதவியே இல்லை.

இரண்டாவது காயம்: நவம்பர் 2015

பன்னிரண்டாம் வகுப்புக்கு வர்ஜீனியாவின் மலைப்பகுதியிலுள்ள ஓக் ஹில் அகாடமிக்குப் போனார். மௌத் ஆஃப் வில்சன் என்ற குக்கிராமத்தில் இருக்கும் பள்ளி. கூடைப்பந்துக்காகவே நாடு முழுவதும் பேர்பெற்றது. பருவத்தின் முதல் ஆட்டம், தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வலது முழங்காலின் ஏசிஎல் அறுந்தது. அடிபடாத கால்!

துரதிர்ஷ்டம் என்றுதான் செய்திகள் சொல்லின. ஆனால் இது அவ்வளவு அபூர்வமான துரதிர்ஷ்டம் இல்லை. ஏசிஎல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்பும் 25 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இரண்டாவது முறையும் ஏசிஎல் கிழிகிறது என்று 2016இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. கட்டிய காலில் மறுபடி அறுவது எவ்வளவு நடக்கிறதோ, ஏறத்தாழ அதே அளவுக்கு எதிர்க்காலிலும் நடக்கிறது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். அடிபட்ட காலை நம்பாத உடம்பு, குதித்து இறங்கும்போது பாரத்தை மற்ற காலுக்குத் தள்ளும். அந்தப் பழக்கம் பல மாதங்களுக்குப் போகாது. தவிர, முதல் தடவை கிழியக் காரணமாக இருந்த உடல்வாகும் இறங்கும் முறையும் இரண்டு கால்களுக்கும் பொதுதானே.

பள்ளியில் அவருடைய கடைசி வருடம் அன்றோடு முடிந்தது. வட கரோலினாவுக்கே திரும்பி, அறுவை சிகிச்சையும் மறுவாழ்வுப் பயிற்சியும்.

கல்லூரி என்ன செய்தது

அதே நவம்பரில்தான் டியூக் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்திருப்பதாக அவர் அறிவித்தார். இரண்டு முழங்காலும் போன பையனுக்கு அந்த இடம் அப்படியே இருந்தது. டியூக்கைப் பாராட்ட வேண்டிய இடம் இது. விதிகளும் அந்தப் பக்கம்தான் நகர்ந்துகொண்டிருந்தன. 2015 ஜனவரியில் டியூக் இருக்கும் ஏசிசி உட்பட ஐந்து பெரிய மாநாடுகள், காயம் போன்ற விளையாட்டுக் காரணங்களைக் காட்டி உதவித்தொகையைப் பறிக்கக்கூடாது என்று முடிவெடுத்தன. ‘மாநாடு’ என்றால் கட்சி மாநாடு இல்லை, கல்லூரிகள் சேர்ந்து ஆடும் கூட்டணி. அங்கே அதற்கு அப்படித்தான் பெயர்.

அடுத்த கேள்வி, எப்போது களமிறக்குவது. மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, 2016 நவம்பரில் பருவத் தொடக்கத்திலேயே ஆட விடுவது. இரண்டாவது, பருவத்தின் நடுவே, தயாரானதும் இறக்குவது. மூன்றாவது, முதல் வருடம் முழுவதும் பயிற்சி மட்டும், ஆட்டம் கிடையாது. அங்கே இதை ரெட்ஷர்ட் என்பார்கள். ஐந்து வருடத்தில் நான்கு பருவம் ஆடலாம் என்ற விதி அப்போது இருந்ததால், ஒரு வருடம் உட்கார்ந்தாலும் உரிமை போகாது. ஆனால் ஒரே ஒரு நிமிடம் களத்தில் நின்றாலும் பொதுவாக அந்தப் பருவம் கணக்கில் சேர்ந்துவிடும்.

மாதக்கணக்கை மட்டும் பார்த்தால் முதல் வழிகூடத் தவறில்லை. நார்வேயிலும் அமெரிக்காவிலும் சேர்ந்து நடத்தி 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒன்பது மாதம் வரை திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாய வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நவம்பர் 2015 காயத்துக்கு 2016 நவம்பரில் ஒரு வருடம் ஆகிவிடுகிறது.

ஆனால் மாதக்கணக்கோடு இன்னொரு சோதனையும் உண்டு, இந்த நிகழ்வின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒருவர் ஆடத் தயாரா என்று பார்க்க, முன்தொடைத் தசையின் பலத்தையும் ஒற்றைக் காலில் தாவும் தூரத்தையும் அளந்து நல்ல காலோடு ஒப்பிடுவார்கள். 90 சதவீதமாவது இருந்தால் சரி. இந்த வீரரிடம் நல்ல கால் எது? வலதை இடதோடு ஒப்பிட்டால், அந்த இடதே மூன்று வருடத்துக்கு முன் மூன்று இடங்களில் கிழிந்து தைத்த கால். போதாக்குறைக்கு, இரண்டாவது சிகிச்சைக்குப் பிறகு படுத்தும் உட்கார்ந்தும் கிடந்த மாதங்களில் இடதின் பலமும் குறைந்திருக்கும். இரண்டும் சமமாக இளைத்திருந்தால் விழுக்காடு நூறைத் தொடும். தாளில் தேறிவிடுவார், களத்தில் தேறமாட்டார்.

அக்டோபர் 2016: பழைய கால் பேசியது

பருவம் தொடங்க ஒரு மாதத்துக்குச் சற்றே மேல்தான் இருந்தது. இடது முழங்காலில், அதாவது 2013இல் அடிபட்ட காலில், ஆர்த்ரோஸ்கோப்பி செய்திருப்பதாக டியூக் அறிவித்தது. சிறு துளை வழியே கருவியை விட்டு உள்ளே சுத்தம் செய்யும் சிகிச்சை. ஆறு வாரம் ஆகும் என்றார்கள். எல்லாரும் வலதுகாலையே பார்த்துக்கொண்டிருந்தபோது தொந்தரவு இடதில் வந்தது.

அந்தச் சிகிச்சை சிறியதுதான், ஆனால் அது பறித்துக்கொண்ட ஆறு வாரம் சிறியதில்லை. கல்லூரி அணிகள் முழுவேகத்தில் ஐந்துக்கு ஐந்து ஆடிப் பழகும் காலமே அக்டோபரும் நவம்பர் தொடக்கமும்தான். பருவம் தொடங்கிவிட்டால் வாரத்துக்கு இரண்டு ஆட்டம், பயணம், வகுப்பு. கூட்டுப் பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரம் என்ற உச்சவரம்பு. அதிலும் பாதி அடுத்த எதிரணிக்கான தயாரிப்பில் போய்விடும். நடுவில் வந்து சேர்பவர் மோதிப் பழக இடமே இல்லை.

அதே அக்டோபரில்தான், தற்செயலாக, என்பிஏவும் அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கமும் சேர்ந்து சிறுவர்களுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டன. 14 வயது வரையாவது ஒரே விளையாட்டில் பிள்ளைகளைக் கட்டிப்போடாதீர்கள், ஓய்வு நாட்கள் கொடுங்கள் என்பது அதன் சாரம். இவருக்கு அப்போது 18 முடிந்துவிட்டது.

களத்தில் கண்டது

2016 டிசம்பர் 19, டென்னசி ஸ்டேட் அணிக்கு எதிரான உள்ளூர் ஆட்டம். 13 மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகக் களமிறங்கினார். சில நிமிடங்கள், புள்ளி எதுவும் இல்லை. இரண்டாவது வழியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

பருவ முடிவில் கணக்கு இது: 26 ஆட்டம், ஆட்டத்துக்குச் சராசரி 11.5 நிமிடம், 3.9 புள்ளி, 3.8 ரீபவுண்ட் (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). பள்ளிக் காலத்தில் நாட்டிலேயே முதல் வரிசையில் இருந்தவருக்கு இது அற்பம்தான். ஆனால் ரீபவுண்ட் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 11.5 நிமிடத்தில் 3.8 என்பது, முழு ஆட்டத்துக்கு விரித்தால், மோசமில்லை. கை, கண், பந்து எங்கே விழும் என்ற ஊகம், எதுவும் போகவில்லை.

போனது அந்த இரண்டாவது குதி. முதல் குதியில் பந்து கிடைக்காவிட்டால் அடுத்ததற்கு அரைநொடி தாமதம். உயரமான ஆட்டக்காரருக்கு அரைநொடி தாமதம் என்றால் கை நீண்டு எதிராளி மேல் படும், ஃபவுல் விழும், உட்கார வைப்பார்கள். உட்கார்ந்தால் உடம்பு ஆறிப்போகும். அப்புறம் மறுபடி அழைத்தால் மறுபடி அதே தாமதம். இது ஒரு வட்டம், அதிலிருந்து 11 நிமிட ஆட்டத்தால் வெளிவர முடியாது.

அந்த வருடம் டியூக்கிலேயே குழப்பம் நிறைய. வேறு வீரர்களுக்கும் காயம், ஜனவரியில் தலைமைப் பயிற்சியாளருக்கு முதுகு அறுவை சிகிச்சை, ஏழு ஆட்டங்களுக்கு அவர் இல்லை. ஒரு புதுமுகத்தைப் பொறுமையாக வளர்க்கும் சூழல் அங்கே இல்லை. அப்படியும் மார்ச்சில் நான்கு நாளில் நான்கு ஆட்டம் வென்று ஏசிசி கோப்பையை எடுத்தார்கள். தேசியப் போட்டியின் இரண்டாம் சுற்றில் தென் கரோலினாவிடம் தோற்றதோடு அவருடைய கல்லூரி வாழ்க்கை முடிந்தது.

கல்லூரியில் ஆட வேண்டும் என்ற இலக்கு நிறைவேறியதா? நிறைவேறியது. முழங்கால் தாங்கியதா? தாங்கியது, அந்தப் பருவத்தில் ஏசிஎல் மறுபடி கிழியவில்லை. பத்திரிகைகள் “மீண்டு வந்தார்” என்று எழுதுவதற்கு இது போதும். எனக்குப் போதவில்லை.

அதற்குப் பின்

2017 ஜூன் டிராஃப்டில் 20ஆம் இடத்தில் போர்ட்லாண்ட் அணி தேர்ந்தெடுத்தது, உடனே உரிமை இன்னொரு என்பிஏ அணியான சாக்ரமெண்டோவுக்கு மாறியது. அவரோடு அதே வருடம் டியூக்குக்கு வந்த இன்னொரு புதுமுகம் மூன்றாம் இடத்தில் போனார். காயத்துக்கு முன்னால் இருவரையும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாக்ரமெண்டோ எடுத்த முடிவுதான் இந்த வரிசையிலேயே மாறுபட்டது. முதலில் 2018 ஜனவரி வரை ஆட மாட்டார் என்றார்கள். ஜனவரி வந்ததும், இந்தப் பருவம் முழுவதும் வேண்டாம் என்றார்கள். புதிதாகக் கிழிந்தது எதுவும் இல்லை. அணியோடு பயிற்சி செய்தார், உடம்பைத் தேற்றினார், ஆட்டம் மட்டும் இல்லை. டியூக்கில் கிடைக்காத அந்த மூன்றாவது வழி, ஒரு வருடம் தாமதமாக, சம்பளத்தோடு கிடைத்தது.

2018–19இல் 58 ஆட்டம் ஆடினார். சராசரி 14 நிமிடம், 7 புள்ளி. நேரம் கால்பங்குகூடக் கூடவில்லை, புள்ளி ஏறத்தாழ இருமடங்கு, அதுவும் எதிரே நிற்பவர்கள் கல்லூரி மாணவர்கள் இல்லை. ஆனாலும் அடுத்த பருவத் தொடக்கத்தில், நான்காம் வருட ஒப்பந்தத்தை நீட்டிக்கும் வாய்ப்பை அணி எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு போர்ட்லாண்டில் ஒரு பருவம், அப்புறம் சிறு லீக்குகள்.

2023இல் ஒரு வேடிக்கை நடந்தது. என்பிஏ அணிக்கும் அதன் கீழ்நிலை லீக் அணிக்கும் மாறி மாறி ஆட வைக்கும் ‘இருவழி ஒப்பந்தம்’ ஒன்று உண்டு. அனுபவ வருடங்கள் கூடிப்போனதால் அதற்கு இவர் தகுதி இழந்திருந்தார். ஒரே ஒரு ஆட்டம்கூட ஆடாத அந்த முதல் வருடமும் அனுபவம் என்று கணக்கில் ஏறியிருந்தது. காயத்தால் ஒரு பருவம் முழுவதையும் இழந்தவர்களுக்கு லீக் விதியைத் தளர்த்தியது, அந்தத் திருத்தத்தை இவர் பெயரைச் சொல்லியே குறிப்பிடுகிறார்கள். அந்த வருடம் புரூக்ளின் அணி அவரை எடுத்துக்கொண்டது.

எதை மாற்றலாம்

ஒவ்வொரு காயத்தின்போதும் முழங்கால் ஆறும் காலத்தை நேர்மையாகவே கணக்கிட்டிருக்கிறார்கள். முதல் முறை ஒரு பருவம் முழுவதும், இரண்டாம் முறை 13 மாதம். அவசரப்பட்டார்கள் என்று யாரையும் குற்றம்சாட்ட முடியாது. கணக்கில் வராதது, ஆறிய முழங்காலோடு ஒருவர் மறுபடி ஆட்டக்காரர் ஆக எடுத்துக்கொள்ளும் காலம். 2013 ஜூனிலிருந்து 2016 டிசம்பர் வரை 42 மாதம். அதில் பாதிக்கு மேல் அவர் போட்டியே ஆடவில்லை. அந்தப் பாதியில் மற்ற பையன்கள் கற்றுக்கொண்டதை இவர் எப்போது கற்றுக்கொள்வது?

நான் அந்த அறையில் இருந்திருந்தால் அக்டோபர் சிகிச்சை நடந்த அன்றே ரெட்ஷர்ட் பக்கம் பேசியிருப்பேன். எதிர்வாதம் எனக்குத் தெரியும்: ஆடாமலே டிராஃப்டுக்குப் போனால் எந்த இடம் கிடைக்கும், ஒரு வருடம் தள்ளினால் இன்னொரு காயம் வந்து எல்லாம் போய்விட்டால் என்ன செய்வது, வீட்டுக்கு வர வேண்டிய பணம் என்ன ஆகும். இவை அற்பமான கேள்விகள் இல்லை. 18 வயதுப் பையனின் குடும்பம் அந்தக் கணக்கைப் போடுவதில் தப்பும் இல்லை. ஆனால் ஆடிய பிறகும் 20ஆம் இடம்தான் கிடைத்தது. அந்த 26 ஆட்டம் அவருடைய மதிப்பை ஏற்றவில்லை, பலவீனத்தைத்தான் எல்லாருக்கும் காட்டியது.

இன்னொன்று சின்ன வேலை, செலவும் இல்லை. பள்ளி அணியில் ஒரு பையனோ பெண்ணோ சேர்ந்த அன்றே, இரண்டு காலும் நன்றாக இருக்கும்போதே அளந்து எழுதி வைக்கலாம். ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் தாவுகிறார், எவ்வளவு உயரம் குதிக்கிறார், குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடிகிறதா. ஒரு டேப், ஒரு சாக்பீஸ், ஒரு செல்போன் கேமரா போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்கலாம், வளரும் பிள்ளைகளின் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். பிற்பாடு ஒரு கால் போனாலும், ஏன், இரண்டும் போனாலும், ஒப்பிடுவதற்கு அந்தப் பிள்ளையின் பழைய கால்கள் நோட்டில் இருக்கும்.